நடை தளர்ந்தோரும் நாமும்

விழா மலர்களில் இடம்பெறும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். கல்லூரியின் பழம்பெருமை பேசுவது ஒருவகை. கல்வியின் சிறப்புப் பேசுவது மற்றொருவகை. இரண்டும் வேண்டுவனவே. அவற்றை எழுதவல்ல பெரியார் பலர் இம்மலரில் எழுதியிருப்பர் என்னும் துணிவினால், நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அரியதொரு நோயினாற் கைகால் விளங்காமற் போய், அதன் பின்னரும் இருபதாண்டு, முப்பதாண்டு, நாற்பதாண்டு என நம் தோட்டப் புறங்களில் வாழ்ந்துவருவோரைப் பற்றியது அது. விழாவுக்கு ஏற்ற பேச்சோ இஃது எனச் சிலர் வினவக்கூடும். பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் ஹாலிஎலையிலிருந்தும் நாள்தோறும் மலை இறங்கி வந்து கற்றவர்கள் நம்முட் பலர். நடக்க முடிந்தமையாலன்றோ நாம் படித்தோம்! நடக்க முடியாதிருந்த நம் வயதொத்தோர் எங்கே என்று கேட்பதற்கு, யாவரும் கூடியிருக்கும் இந்நாளினும் ஏற்ற நாள் வேறில்லை.

முதலில் நடந்த வரலாறொன்றைச் சொல்வோம். மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் உற்ற துன்பம் ஒன்று உலக மருத்துவ நூல்களில் நிலையான இடம் பெற்றிருக்கிறது. மலையகத்திலோ அதனைக் கேள்வியுற்றவரைக் காண்பது அரிதாயிருக்கிறது. 1977, 1978 ஆம் ஆண்டுகளிலே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ச் சிறுமியர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் கால் தளர்ந்து படுக்கையில் வீழ்ந்தனர். திடீரென இவ்வாறு முடக்கம் காணுமிடத்து மருத்துவர் முதலில் நினைப்பவை இளம்பிள்ளைவாதமும், கீலன்-பாரே எனப்படும் நரம்பு நோயும் ஆகும். ஆயின் இளம்பிள்ளைவாதம் ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. கீலன்-பாரே நோயோ ஆண்டொன்றுக்கு இலட்சம் பேரில் ஒருவர் இருவரையே பற்றுவது. இங்கு நோயுற்றோர் அண்மையிற் பூப்பெய்திய பெண்பிள்ளைகள், யாவரும் தமிழர்.

காரணத்தைத் துருவிக் கண்டவர்கள் பேராதனையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் நிமால் சேனாநாயக்கவும், அவருடன் ஆய்ந்த ஜே. ஜெயரட்ணமும் ஆவர். அவர்தம் முடிபு 1981 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பூப்பெய்திய பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் நம் வழக்கத்தை அவர்கள் நோக்கினர். அந்த நல்லெண்ணெயிலே ட்ரைகிரசைல் பொஸ்பேற்று என்னும் இரசாயனப் பொருள் கலந்திருக்கக் கண்டனர். இயந்திர எண்ணெய்களிலும் பிளாத்திக்குத் தொழிலிலும் பயன்படும் பொருள் அது. கனிய எண்ணெய் முன்னர் நிரப்பியிருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என்பது அவர்தம் கருத்து.

இவ்விடத்திற் சற்றே தாமதிக்க விரும்புகிறோம். நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் எதற்காகக் கொடுக்கப்படுகின்றன? இடுப்புக்கு வலு வேண்டும், நாளைக்குப் பிள்ளை பெறவேண்டியவள் என்பது நம் பாட்டிமார் சொல். தோட்டத்துக் காம்பராவிலே ரொட்டியும் சம்பலும் உண்டு வளர்ந்த பிள்ளைக்கு அச்சில நாள்களே அரசபோகம். தாய் தன் நாட்சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்கி, விடியற்காலையிற் பெரட்டுக்குப் போகுமுன் தன் கையாலே ஊட்டிய எண்ணெய் அது. கால் வலுப்பெறக் கொடுத்தது காலின் வலுவைப் பறித்தது. அவ்வழக்கத்தைப் பழிப்பார் உளராயின் அவர் செய்வது நியாயமன்று. வழக்கத்திற் குற்றமில்லை, எண்ணெயிலே குற்றம். எண்ணெயிலுங்கூட அன்று, எண்ணெயை ஏற்றிய பீப்பாயிலே குற்றம். ஊட்டிய தாய் தன் கையையே நொந்துகொண்டிருப்பாள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

இந்நஞ்சின் போக்கு விசித்திரமானது. நிறத்தாலோ சுவையாலோ தன்னை அது காட்டிக்கொள்வதில்லை. உட்கொண்ட அன்றே பெரிதாய் ஒன்றும் நேர்வதுமில்லை. பத்து நாளோ, மூன்று கிழமையோ கழிந்த பின் கெண்டைக்காலிலே நோவு தோன்றும். பின்னர்ப் பாதம் தொங்கிவிடும். அடுத்துக் கைவிரல்கள் தளரும். உடம்பில் மிக நீண்ட நரம்புகளே நுனியிலிருந்து முதலிற் பட்டுப்போவதனாற் காலிலே தொடங்குகிறது. முறிக்கும் மருந்து இன்றளவும் இல்லை. கைகால் நரம்புகள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் மெல்ல மெல்லத் துளிர்க்கவல்லன. ஆதலின் கைகள் ஓரளவு திரும்புகின்றன. முள்ளந்தண்டின் உள்ளே சிதைந்த நரம்புகளோ மீள்வதில்லை. தொய்ந்து கிடந்த கால் சில மாதங்களுக்குப் பின் விறைத்த காலாக மாறுவது இதனாலேயே. தேறி வருகிறாள் எனக் குடும்பத்தார் மகிழும் வேளையில் அவ்விறைப்புத் தலைகாட்டும். சேனாநாயக்க அவர்கள் இச்சிறுமியரை மூன்றாண்டு காலம் தொடர்ந்து நோக்கி, அதனை வேறோர் ஆய்வுரையாகவும் 1981 இல் வெளியிட்டார்கள். அவர் செய்தது பெரும்பணி. ஒரு மருத்துவரால் இயன்றது அது.

நாம் கேட்க விரும்புவது அம்மூன்றாண்டுக்குப் பின்னர் என்ன என்பதே. 1977 இற் பன்னிரண்டு, பதின்மூன்று வயதினராயிருந்த அப்பிள்ளைகள் இன்று அறுபது வயதினர். நோய் அவர்களை வீழ்த்தியது இரண்டு மூன்று கிழமைகளில். வாழ வேண்டியிருந்ததோ நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல். மருத்துவ நூல் முதற்பகுதியை எழுதிவிட்டது. இரண்டாம் பகுதியை எழுத வேண்டியவர்கள் அவர்தம் சமூகத்தவராகிய நாம். நாம் எழுதவில்லை.

உலகில் இந்நஞ்சு முடக்கியது நம்மவரை மட்டுமன்று. 1930 இல், மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவிலே, மதுவுக்குப் பதிலாக இஞ்சிச் சாரம் குடித்தோர் பல்லாயிரவர் கால் விளங்காதவராயினர். 1937 இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிலே மசகெண்ணெய்ப் பீப்பாய்களில் ஊற்றிய சமையலெண்ணெய் இதே கேட்டை விளைத்தது. 1988 இற் கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியிலே கலப்பட எண்ணெயால் மீண்டும் பலநூற்றுவர் துன்புற்றனர். இவற்றுள் நாம் உற்றுநோக்க வேண்டியது 1959 இல் மொரோக்கோ நாட்டிலே நிகழ்ந்தது. மெக்னெஸ் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறத்தாழப் பதினாயிரம் பேர், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையலெண்ணெயை உண்டு முடங்கினர். பெரும்பாலார் ஏழைகள். அந்நாட்டு அரசு கை நீட்டி உதவி கேட்டது. செஞ்சிலுவைச் சங்கங்களின் கழகம் பல நாடுகளிலிருந்து மருத்துவரையும் இயன்மருத்துவரையும் திரட்டி அனுப்பிற்று. கனடா நாட்டவரான குஸ்தாவ் ஜிங்ராஸ் என்னும் மருத்துவர் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். 1960 இல் தொடங்கி ஒன்றரை ஆண்டளவு, கைகால்களை நீட்டி மடக்கியும், பாதத்தைத் தாங்கும் அணைப்புகளைப் பூட்டியும், மீண்டும் அடியெடுத்து வைக்கக் கற்பித்தும் பணி செய்தனர். நஞ்சை முறிக்க அவர்களிடமும் மருந்து இருந்ததில்லை. நோய் தீராது என்பதனால் நோயாளியைக் கைவிடவேண்டியதில்லை என்பதை அவர்கள் செயலிற் காட்டினர்.

பதினாயிரவர்க்கு உலகம் ஓடி வந்தது. இருபதின்மர்க்கு யார் வருவார் என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். நாம் அதனை மாற்றிக் கேட்கிறோம். பதினாயிரவரைத் தாங்குவது அரிது. இருபதின்மரைத் தாங்குவது அரிதோ?

காலமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்பது மெய்யே. 1974 இல் தோட்டங்களிற் பசி தாண்டவமாடிற்று. 1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாகி நிருவாகம் கைமாறிற்று. 1977 ஆவணியிலே கலவரம். அதனுடன் 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி குடும்பங் குடும்பமாய்த் தலைமன்னாருக்கு இரயிலேறிய காலமும் அதுவே. இச்சிறுமியருட் சிலர் இராமேசுவரம் வழியே சென்று நீலகிரிச் சரிவிலே மற்றொரு தேயிலைத் தோட்டத்திற் குடியேறியிருத்தலும் கூடும். எத்தோட்டத்தவராயினும், எக்கரையில் இருப்பினும் அவர்கள் நம்மவரே.

நிற்க. லயத்து வாழ்வை அறியாத வாசகர் நம்மிடையே இலர் எனினும், கால் விளங்காத ஒருவரின் கண்ணால் அதனை ஒருமுறை பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே இஸ்தோப்பு, இஸ்தோப்பிலிருந்து இறங்கக் கருங்கற் படிகள். படி இறங்கினால் வடிகான். பீலி ஒருபுறம், மலசலகூடம் மற்றொருபுறம். இரண்டுக்கும் சரிவான மண்பாதை. மழைக்காலத்தில் நல்ல காலுள்ளவரே வழுக்கி விழும் பாதை அது. மேட்டு லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு வர ஒரு மைல், இரண்டு மைல். பாதம் தூக்க முடியாதவர்க்குக் கல்லொவ்வொன்றும் தடுக்கும். கால் விறைத்தவர்க்கு இறக்கம் ஏற்றத்தினுங் கொடிது. தள்ளு நாற்காலி ஒன்றை யாரேனும் தருமஞ் செய்தால் அஃது இஸ்தோப்பின் மூலையிலே துணி காயப்போட உதவுகிறது. கிளினிக்குக்குப் போகவேண்டிய நாளிற் கம்பளியிற் கட்டி நால்வர் சுமக்கவேண்டும். நால்வருக்கும் அன்றைய பேர் போய்விடும். ஆகவே கிளினிக்குக்குப் போவது மூன்று மாதத்துக்கொருமுறை, ஆறு மாதத்துக்கொருமுறை என்றாகிப் பின் நின்றுவிடுகிறது.

இதிலே பெண்பிள்ளையின் நிலை தனித்துச் சொல்லவேண்டியது. கொழுந்தெடுக்க இயலாதவளுக்குத் தோட்டத்திற் பேர் இல்லை. பேர் இல்லாதவளுக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. தாய் தந்தையர் இருக்குமட்டும் அவர்தம் காம்பராவில் ஒதுங்கியிருப்பாள். அவர்க்குப் பின் அண்ணன் தம்பியின் காம்பராவில். அங்கே பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் வயதில்லாக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவளும், அரிசி களைந்து உலை வைப்பவளும், மலையிலிருந்து வருவோர்க்குத் தேநீர் ஆயத்தஞ் செய்பவளும் அவளே. வீட்டிற் சும்மா இருக்கிறாள் என்றே கணக்கெடுப்போரிடம் சொல்லப்படுகிறது.

2014 ஐப்பசியிலே கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அதன் பின்னர் எத்தனையோ தோட்டங்களுக்கு, மழை மிகுங்காலத்தில் வெளியேறுக என அறிவித்தல் வருகிறது. எழுந்து ஓடுவோர்க்கு அது போதும். எழ முடியாதவர் எந்த லயத்தில், எத்தனையாவது காம்பராவில் இருக்கிறார் என்ற பட்டியல் எத்தனை தோட்டங்களில் உண்டு?

இனிச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழாசிரியராகிய நமக்கு அது கடமை. முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற் போல என்னும் பழமொழியைக் கருத்து விளக்கி வாக்கியத்தில் அமைக்குமாறு பல தலைமுறைப் பிள்ளைகளைக் கேட்டுவந்திருக்கிறோம். ஊன்றுகோலுடன் ஒரு பிள்ளை மூன்றாம் வாங்கில் அமர்ந்திருக்குமாயின் அவ்வாக்கியம் என்ன ஆகும்? பழமொழியைத் தமிழிலிருந்து வெட்டியெறிய வேண்டும் என்பாருடன் நாம் சேரோம். ஆயினும் தேனுக்கு ஆசைப்படுவது குற்றமன்று, ஏணி கொடுக்காமையே குற்றம் என்று அதனருகே சொல்லித்தான் இப்பொழுது கற்பிக்கிறோம். நொண்டி போய் ஊனமுற்றோர் வந்தது. அது போய் மாற்றுத்திறனாளி வந்தது. சொல் இரண்டு முறை மாறிவிட்டது, படிக்கட்டு மாறவில்லை.

வினைப்பயன் என்னும் சொல்லும் இங்கே அடிக்கடி எழுகிறது. காரணம் தெரியாத முடக்கம் கண்டால் முற்பிறப்பின் வினை என்றோ, செய்வினை என்றோ, கண்ணூறு என்றோ நம்மவர் கூறிவிடுகின்றனர். சைவப் பிள்ளைகள் பயிலும் கல்லூரியின் மலரிலே இதனை வெளிப்படையாகச் சொல்வது நலம். வினையை நம்புவது வேறு, வினையின் பெயரால் விசாரணையை நிறுத்துவது வேறு. அம்மருத்துவர்கள் வினை என்று சொல்லி ஓய்ந்திருந்தால் அப்பீப்பாய்கள் இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைப் படுக்கையில் வீழ்த்தியிருக்குமோ! பிறர் துன்பம் அவரவர் வினை எனச் சொல்லி வாளாவிருப்பதற்குச் சைவம் யாண்டும் இடங்கொடுத்ததில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதும் பொருந்தாது. இளம்பிள்ளைவாதம் இந்நாட்டிலே 1993 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இல்லை. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளை எவருக்கேனும் திடீரெனக் கைகால் தளர்ந்தால் உடனே அறிவிக்கவேண்டும் என்னும் ஒழுங்கு இன்றுண்டு. 1977 இலே நிகழ்ந்தது போன்ற ஒன்று இனி நேருமாயின் விரைவிற் புலப்படும். உணவுச் சட்டம் 1980 இல் வந்தது. வலுவிழந்தோர் உரிமைச் சட்டம் 1996 இல் வந்தது; பொதுக் கட்டடங்களிலே அவர்கள் நுழைய வழிசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன; அவற்றைக் கைக்கொள்ளுமாறு உயர் நீதிமன்றம் 2011 இல் வலியுறுத்திற்று; ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. ஆயினும் அதற்கு விண்ணப்பிக்கப் பிரதேச செயலகத்துக்கு வரவேண்டும். வர முடியாமைக்காகவே வழங்கப்படும் பணத்தைப் பெற வரவேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

சட்டம் செய்யாததை ஒரு பிற்பகல் செய்த கதையும் நமக்குத் தெரியும். நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது கீலன்-பாரே நோயால் முடங்கினான். அந்நோய் கண்டோர் பெரும்பாலும் தேறிவிடுவர். அவனுக்குக் கால்கள் முழுதும் திரும்பவில்லை. எட்டு மாதம் கழித்து ஊன்றுகோலுடன் வந்தான். வகுப்போ மேல்மாடியில். வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று சொல்லப்படும் என அவன் தந்தை எதிர்பார்த்து நின்றார். அதிபர் ஒன்றும் பேசாமற் கீழ்மாடி அறையைச் சுற்றிப் பார்த்தார். மாணவர் நாற்பதின்மரும் தத்தம் மேசை கதிரைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினர். கடைசி மணிக்குள் வகுப்பு இடம் மாறிவிட்டது. அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். இன்று ஒரு கடையிலே கணக்கெழுதித் தன் குடும்பத்தைக் காக்கிறான். கால் அப்படியே இருக்கிறது.

ஆகவே பழைய மாணவ அன்பர்களை நாம் கேட்பது நன்கொடை மட்டுமன்று. உங்களுட் சிலர் பிரதேச செயலகங்களில் இருக்கின்றீர்கள். சிலர் பதுளைப் பெரிய வைத்தியசாலையில். சிலர் தோட்டங்களிலே நலன்புரி உத்தியோகத்தராயும் கணக்கப்பிள்ளைமாராயும் இருக்கின்றீர்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே, வீட்டை விட்டிறங்க முடியாதோர் பெயரையும் லயத்தையும் எழுதி, அவர் அனுமதியுடன் சங்கத்திற் சேர்ப்பித்தால் ஆறு மாதத்தில் ஒரு பட்டியல் உருவாகும். கொடுப்பனவு விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பி வீட்டுக்கே கொண்டுபோய்க் கையொப்பம் வாங்க உயர்தர மாணவர் நால்வர் போதும். அறுபது வயதையொட்டிய பெண்ணொருவர், சாமத்தியப்பட்ட காலத்திலே கால் போயிற்று என்று சொல்வாராயின், அதனை வினையென்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அவருக்கு எண்ணெயின் வரலாற்றைச் சொல்லுங்கள். அவர் தாய் இன்னும் உயிரோடிருப்பின் அவருக்கே முதலிற் சொல்லுங்கள்.

விழா நிதியிலிருந்து தோரண வாயில் ஒன்று எழுப்பப்படும் என அறிந்தோம். எழட்டும்; அழகாகவே எழட்டும். அதற்கு மதிப்பீடு தரும் மேசனாரிடம் பிரதான மண்டபத்துக்கு ஒரு சாய்தளத்துக்கும் மதிப்பீடு கேட்குமாறு குழுவினரை வேண்டுகிறோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. மண்டபத் தாழ்வாரம் இரண்டரையடி உயரம், முப்பதடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சுவரோரத்தில் முப்பத்திரண்டடி இடமிருக்கிறது. நாமே நாடா பிடித்து அளந்து பார்த்தோம்.